ஓடுகிற இலக்கம்

செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளை

அன்புள்ள தம்பி மீதிக்கு அக்கா எழுதுவது.

இந்த இடத்தில் வழக்கமாக 'இங்கு எல்லோரும் சௌக்கியம்' என்று எழுதுவேன். இன்று அந்த வரிக்குக் கை வரவில்லை. இங்கே ஒருவர் சௌக்கியமாக இல்லை, அதற்குக் காரணம் நீ. நீ அங்கே நன்றாகத்தான் இருப்பாய். நான்கு தடவை உனக்குப் போன் செய்தேன். நான்கு தடவையும் 'மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்' என்று உன் போனே எனக்குப் பதில் அனுப்பியது. அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. ஒன்பது நாள் ஆகிறது.

அதனால்தான் கடிதம். போனில் கத்தினால் நீ சத்தத்தைக் குறைத்துக்கொள்வாய். காகிதத்தில் அந்த வசதி கிடையாது. பஸ் பணிமனையின் ஸ்டோர் ரூமில், பிரேக் லைனிங் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. காலையில் உன் அத்தான், எழுது, ஆனால் தபாலில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார் என்று சொன்னார். படிக்கப் போவதில்லை. படித்தால் பாதியை அடித்துவிடுவேன்.

நீ என்ன செய்தாய் என்று உனக்கே தெரியாது என்பதால் முதலில் இருந்து சொல்கிறேன். அப்பா முப்பத்தொரு வருஷம் நீரேற்று நிலையத்தில் பம்பு ஆபரேட்டராக இருந்தார். மணிக்கு ஒரு தடவை, ஏற்றிய தண்ணீரின் அளவைக் காட்டும் கவுண்ட்டரைப் பார்த்து அதிலுள்ள எட்டு இலக்கத்தையும் லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். அது இரண்டு நிமிட வேலை. மிச்ச ஐம்பத்தெட்டு நிமிடமும் அந்த இரைச்சலுக்குள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் சீட்டாடினார்கள். அப்பா பகா எண்களைப் பிடித்துக்கொண்டார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்ணுக்கு நம் வீட்டில் 'பிடிகொடுக்காதவன்' என்று பெயர். அம்மா இருந்தவரை உன்னையும் அப்படிச் சொல்லித்தான் திட்டுவாள். முதலில் பிறந்த என்னை 'ஈவு' என்றும், பத்து வருஷம் கழித்துப் பிறந்த உன்னை 'மீதி' என்றும் கூப்பிட்ட மனிதர் வேறு எதைப் பிடித்துக்கொள்வார்?

நீ பள்ளிக்கூடம் முடித்து வெளியே போன பிறகுதான் இந்த எண் பிறந்தது. அதனால் உனக்கு முழுக்கதை தெரியாது. அப்பா 7-இல் தொடங்கினார். அதன் வாலில் ஒரு 3 சேர்த்தார், 73. பிடிகொடுக்காதவன். இன்னொரு 9, 739. அதுவும் பிடிகொடுக்காதவன். அப்படியே 7393, 73939, 739391, 7393913 என்று வளர்த்து, கடைசியில் எட்டு இலக்கத்தில் நிறுத்தினார். 73939133. வலது பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக அழித்துக்கொண்டே வா. மிஞ்சுவது எப்போதும் பகா எண். அப்பா இதைப் பல்லி என்பார். வால் அறுந்தாலும் உயிர் போகாது.

ஒன்பதாவது இலக்கத்துக்கும் முயற்சி செய்தார். ஒற்றைப்படை இலக்கம்தான் போட முடியும், 5 ஆகாது. 1 அல்லது 7 போட்டால் இலக்கங்களைக் கூட்டும்போதே மூன்றில் மாட்டிக்கொள்கிறது. 3-உம் 9-உம் கொஞ்ச நாள் போக்குக் காட்டிவிட்டு அவையும் கவிழ்ந்தன. அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. கவுண்ட்டரில் எட்டுச் சக்கரம், எண்ணுக்கும் எட்டோடு முடிவு, ரெண்டும் ஒரே அளவுச் சட்டை என்று சிரித்தார்.

ஆனால் அந்த எட்டு இலக்க எண் நிஜமாகவே பிடிகொடுக்காதவன்தான் என்று நிரூபிக்க வேண்டாமா? ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையை எடுத்தார். 2-இல் தொடங்கி 8597 வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தார். அடுத்த பகா எண் 8599. அதை அதாலேயே பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது, அதனால் அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. மொத்தம் ஆயிரத்து எழுபது வகுத்தல்கள். காலைக் காபி முடிந்ததும் தினம் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. பதினோரு நோட்டு, ஏறக்குறைய மூன்று வருஷம். இரட்டைப்படை இல்லை என்று பார்த்தாலே தெரிகிற எண்ணை எதற்கு 2-ஆல் வகுக்கிறீர்கள் என்று கேட்டேன். பார்த்தாலே தெரியறதைத்தான் ஜாஸ்தி சந்தேகப்படணும் என்றார்.

இந்த மூன்று வருஷத்தில்தான் அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. உனக்குச் சொல்லியிருக்கிறேன். கண்ணுக்குள் அழுத்தம். வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான். இடது கண்ணில் பாதி. ஒன்பதாவது நோட்டிலிருந்து தடித்த பேனாவும் பூதக்கண்ணாடியும். கடைசி நோட்டில் ஒவ்வொரு இலக்கமும் கட்டைவிரல் அகலம் இருக்கிறது. ஆனாலும் ஒரு நாள்கூட விடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த அன்று கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வந்து வகுத்தார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 8597 முடிந்தது. ஈவு 8600, மீதி 4933. பேனாவை மூடி வைத்துவிட்டு, தம்பிக்கு அனுப்பும்மா, அவன் மெஷின்ல ஒரு தடவ பாக்கட்டும், சும்மாதான் என்றார். 'சும்மாதான்' என்று சொல்வதற்கு முன்னால் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நான் முதல் நோட்டின் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். அட்டையில் அந்த எண்ணைத்தான் பெரிதாக எழுதி வைத்திருந்தார். இரண்டு வாரம் வரை உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்பா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆனால் என் போன் அடிக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பினார்.

பிறகு நீ கூப்பிட்டாய். ஞாயிறு மதியம், நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. என் போனில் இன்னும் இருக்கிறது. அப்பா ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அவரோடு வேலை பார்த்த ஃபிட்டர் மாமா அன்று வந்திருந்தார், அவரும் கேட்கட்டும் என்றுதான். நீ எடுத்த எடுப்பில், அப்பா, அது பகா எண்ணே இல்ல, ஏழால வகுபடுது என்றாய். ஏழால். ஆயிரத்து எழுபது வகுத்தலில் நான்காவது வகுத்தல். மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கணக்கு. அப்பா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். ரெண்டு மீதி வருதேப்பா என்றார். நீ, மெஷின் தப்பாச் சொல்லாதுப்பா, உங்க அட்டையில இருக்கிற நம்பரைத்தான் போட்டேன், நீங்க மனசுல வேற ஏதோ நம்பரை வச்சிருக்கீங்க என்றாய். போதாததற்கு, எட்டு இலக்கமெல்லாம் இப்ப ஒரு எண்ணே இல்ல, எங்க ஆபீஸ்ல டேட்டாவுக்குப் பூட்டு போடுறதுக்கே முன்னூறு இலக்கத்துல பகா எண் எடுக்கிறோம் என்று ஒரு பெருமை வேறு.

அதோடு நிறுத்தியிருந்தாலும் மன்னித்திருப்பேன். அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். நீ என்னிடம் தனியாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அக்கா, கண்ணை மட்டும் பாத்தா போதாது, தலையையும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடு என்றாய். ஸ்பீக்கர் அணையவில்லை. நான் பாய்ந்து அணைப்பதற்குள் வீடு முழுக்கக் கேட்டுவிட்டது. ஃபிட்டர் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு செருப்பை மாட்டினார். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

பெரியப்பாவை உனக்கு நினைவிருக்கும், அல்லது அதையும் மறந்திருப்பாய். கடைசி இரண்டு வருஷம் தன் பெயரே தெரியாமல் இருந்தார். அவரைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, வீதியில் தேடிப் பிடித்து வந்தது எல்லாம் அப்பா. அந்த வியாதி தனக்கும் வரும் என்ற பயம் அப்பாவுக்கு உள்ளுக்குள் எப்போதும் உண்டு. அந்தப் பயத்தில் கை வைத்தாய். தலையில் இருக்கிற எண் வேறு, தாளில் இருக்கிற எண் வேறு என்றால் என்ன அர்த்தம் என்று அவர் அன்று முழுக்க யோசித்திருக்கிறார். மறுநாள் காலை காபி குடித்துவிட்டு மேஜைக்குப் போகவில்லை. நான் வேலை முடிந்து வந்தபோது பதினோரு நோட்டும் வாசலில் பழைய பேப்பர் கட்டோடு இருந்தன. தூக்கி உள்ளே வைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் நான்காம் தேதி அப்பாவுக்கு இடது கண்ணில் ஆபரேஷன். அந்தத் தேதியைத் தள்ளினால் இருக்கிற பாதிப் பார்வைக்கும் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அப்பா ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். மண்டையே போயிருச்சு, கண்ணைத் தொறந்து வச்சு என்னத்தைப் பாக்க என்கிறார். கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொல்கிறார்.

உன் மெஷின் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். அதை அவரிடம் இப்படியா சொல்வது? நானும் இந்த வருஷம் சிலதைக் கவனித்தேன். தண்ணீர் ஊற்றாமல் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். ஒரே நாளில் இரண்டு தடவை உப்புப் போட்டார். அதை உன்னிடம் சொன்னதும் நான்தான். சொன்னேனே தவிர, அவர் காதில் விழச் சொன்னேனா? எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நீ ஒன்று செய். அவரைக் கூப்பிட்டு, மெஷினில் ஏதோ கோளாறு, உங்கள் எண் சரிதான் என்று ஒரு பொய் சொல். அந்த ஒரு பொய்யில் உன் படிப்பு ஒன்றும் அழிந்துவிடாது. நான்காம் தேதி முடிந்த பிறகு உன் உண்மையை நீயே வைத்துக்கொள்.

மணி அடித்துவிட்டது. ஜன்னலில் ஆள் நிற்கிறது. மிச்சத்தை நாளைக்கு எழுதி முடிக்கிறேன்.

வியாழக்கிழமை, அதே ஸ்டோர் ரூம்

நேற்று எழுத நேரமில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். செவ்வாய்க்கிழமை எழுதியதை நேற்றே தபாலில் போட்டிருந்தால், உன்னைப் போய்ப் பொய் சொல்லச் சொன்னதற்காக ஆயுள் முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருப்பேன்.

கேள். நேற்றுக் காலை டீசல் பங்க்கில் ஷிஃப்ட் மாறுகிற நேரம். ரீடிங் எடுக்க நானும் போயிருந்தேன். பங்க் ஆபரேட்டர் ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிறவர், அதிகம் பேசாத மனிதர். பஸ்ஸுக்கு டீசல் இறங்கிக்கொண்டே இருக்கிறது, மீட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் நிதானமாக இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக எழுதினார். கடைசி இலக்கத்துக்கு வருவதற்குள் அது 9-ஐத் தாண்டி, பக்கத்துச் சக்கரத்தையும் நகர்த்திவிட்டது. எழுதியது ஒன்று, மீட்டரில் இருப்பது ஒன்று. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. எனக்கு உன்மேல் இருந்த கோபம் அவர்மேல் பாய்ந்தது. ஓடுற இலக்கத்தை முதல்ல புடிங்க, நிக்கிற இலக்கம் எங்கயும் போயிடாது என்று கத்தினேன்.

கத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அது என் பேச்சு இல்லை, அப்பாவுடையது. நாம் இரண்டு பேரும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஓடுகிற கவுண்ட்டரில் வலது ஓரத்துச் சக்கரம்தான் வேகமாகச் சுற்றும், அதனால் அதை முதலில் எழுது, பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. முப்பத்தொரு வருஷம் லாக் புத்தகத்தில் அப்படித்தான் எழுதினார், ஒன்றாம் இலக்கம் முதலில். அந்தப் பழக்கத்தில் பால் கணக்கு, வீட்டு எண், பிறந்த தேதி எல்லாமே அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். வகுத்தல் கணக்கை மட்டும் எல்லோரையும் போலச் செய்வார். அட்டையில் எழுதினால் லாக் புத்தகத்து முறைதான்.

ஸ்டோருக்கு ஓடி வந்து உனக்கு அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன். அட்டையில் இருப்பது 33193937. பாகம் கேட்டு எழுதித் தரும் இண்டென்ட் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அதை ஏழால் வகுத்தேன். 4741991, மீதி இல்லை. உன் மெஷின் பொய் சொல்லவில்லை. பிறகு அதைத் திருப்பி, 73939133-ஐ ஏழால் வகுத்தேன். 10562733, மீதி இரண்டு. இன்னொரு தடவை வகுத்தேன். இரண்டு. மூன்றாவது தடவையும் இரண்டு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு மனதில் வகுத்து உன்னிடம் சொன்னாரே, அதே இரண்டு.

நீ தலைகீழாகப் போட்டிருக்கிறாய். உன் அப்பாவின் மூன்று வருஷத்தைத் தலைகீழாகத் தட்டச்சு செய்து, அவருக்கு மண்டை சரியில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாய்.

எனக்கு வருகிற கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்த ஸ்டோரில் பதினாறாயிரம் பாகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண். ஒரு இலக்கம் மாறினால் ஒரு வண்டிக்குப் பிரேக் பிடிக்காது. அதனால் எண் பொருந்தவில்லை என்று யாராவது வந்து சொன்னால், நீங்கள் தப்பு என்று நான் சொல்வதில்லை. சீட்டைக் கொடுங்கள், நான் எடுத்ததைப் பார்க்கிறேன் என்றுதான் சொல்வேன். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். நீ எண்ணிலேயே சம்பாதித்து எண்ணிலேயே சாப்பிடுகிறவன். அவர் ரெண்டு மீதி வருதேப்பா என்றபோது, எந்த எண்ணைப்பா வகுத்தீங்க, ஒரு தடவ சொல்லுங்க என்று கேட்க உனக்கு நான்கு விநாடி ஆகியிருக்குமா?

அதையும் விடு. வாலை வெட்ட வெட்டப் பகா எண்ணாகவே இருக்கும் என்று அன்று போனிலேயே உனக்குச் சொன்னார். நீ 'ம்' கொட்டினாய். உன் கையில் இருந்த எண்ணின் வாலை வெட்டிக்கொண்டே வந்திருந்தால், இரண்டு இலக்கம் மிஞ்சும்போது என்ன நின்றிருக்கும்? 33. மூன்றாலும் பதினொன்றாலும் வகுபடுகிற 33. அப்பா சொல்கிற பல்லி இது இல்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். நீ காதே கொடுக்கவில்லை. ஒப்புக்குப் பேசினாய். முன்னூறு இலக்கம் பார்க்கிறவனுக்கு எட்டு இலக்கம் கண்ணில் படவில்லை.

என்னையும் சும்மா விடவில்லை. அட்டையைப் படம் எடுத்து அனுப்பியபோது, இது அப்பா முறையில் எழுதியது என்று ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை. நம் வீட்டுக்குள் அதைச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, அந்த ஒன்பது நாளில் ஒரு தடவைகூட நான் ஏழால் வகுத்துப் பார்க்கவில்லை. ஒரு நிமிட வேலை. அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நானும் நம்பிவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் போய்ப் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே கறுத்துப் போயிருக்கிறது. அதில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று இடது கண்ணின் பாதிப் பார்வைக்கு எப்படித் தெரியும்? உப்பும் அப்படித்தான். மறக்கவில்லை, முதலில் போட்டது கண்ணுக்குத் தெரியவில்லை. கூடவே இருக்கிற எனக்கே அது உறைக்கவில்லை என்றால் என்னை எதால் அடிப்பது?

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. போனதும் சொல்வேன், அப்பா உன்னைத் திட்டுவார், படிவத்தில் கையெழுத்துப் போடுவார், எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உங்கள் எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். மூணு, மூணு, ஒண்ணு, ஒன்பது, மூணு, ஒன்பது, மூணு, ஏழு என்று தடங்கல் இல்லாமல் சொன்னார், ஓடுற இலக்கத்திலிருந்து. அட்டையில் இருப்பதும் அதேதான், தலையும் தாளும் ஒன்றுதான், தம்பிதான் அதை அப்படியே நேராகப் போட்டுவிட்டான் என்றேன்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்தார். என்னைத் தேத்தறதுக்காக நீ இவ்வளவு யோசிச்சிருக்க, ஆனா அவனுக்கு அது எப்படிம்மா மறக்கும், இந்த வீட்ல வளந்த புள்ள என்றார்.

நான் விடவில்லை. இண்டென்ட் தாளைக் காட்டினேன், அவரால் படிக்க முடியவில்லை. கணக்கை வாயால் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு உன் மூன்றாம் வகுப்புக் கதையை ஆரம்பித்தார். கணக்குப் பரீட்சையில் எல்லா விடையையும் ஓடுகிற இலக்கத்திலிருந்து எழுதி நீ முட்டை வாங்கி வந்தாயே, டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாரே, அப்பா பம்பு ஹவுஸ் யூனிஃபார்மிலேயே போய், தப்பு பையன்மேல் இல்லை, என்மேல்தான் என்று கைகட்டி நின்றாரே, அது. அவ்வளவு ஊறிப்போன பிள்ளை அட்டையைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளாமல் இருப்பானா என்கிறார். அவன் சரியாத்தான் போட்டிருப்பான், எனக்குத்தான் எங்கயோ பெசகிருச்சு என்கிறார்.

புரிகிறதா உனக்கு? அவருக்கு முன்னால் இருப்பது இரண்டே வழி. ஒன்று, தன் மூளை போய்விட்டது. இல்லையென்றால், தன் மகன் மறந்துவிட்டான். பெரியப்பாவைக் குளிப்பாட்டியவர், அந்த முடிவு எப்படியிருக்கும் என்று தெரிந்தவர், யோசித்துப் பார்த்து முதலாவதை எடுத்துக்கொண்டார். அதற்காகக் கண்ணையும் கொடுக்கத் தயாராக இருக்கிறார். உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். ஆறு வருஷமாக இந்த வீட்டு வாசலை மிதிக்காத உன்னை.

நான் எவ்வளவு சொன்னாலும் இனி அவர் காதில் ஏறாது. நான் சொன்னால் ஆறுதல், நீ சொன்னால்தான் கணக்கு. எனவே செவ்வாய்க்கிழமை எழுதியதை அடித்துவிடு. மெஷினில் கோளாறு என்ற பொய் வேண்டாம். அதை அவர் நம்பவும் மாட்டார். உண்மையையே சொல். எண்ணைச் சரியான பக்கத்திலிருந்து போட்டுப் பார். பார்த்துவிட்டு அவரிடம், நான் மறந்துட்டேன்பா என்று சொல். 'கவனிக்கலை', 'அவசரத்துல', 'வேலை ஜாஸ்தி' எல்லாம் வேண்டாம். அதற்கெல்லாம் உனக்குப் பதிலாக அவரே சமாதானம் சொல்லிவிடுவார். மறந்துட்டேன் என்று சொல். அவருக்கு வலிக்கும். வலிக்கட்டும். அந்த வலியோடு அவர் கையெழுத்துப் போடுவார், அவரை எனக்குத் தெரியும்.

அதைப் போனில் சொல்லலாமா என்று கேட்பாய். நாளைக்கே போனில் சொல். ஆனால் அது போதாது.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பதினோராவது நோட்டின் கடைசிப் பக்கம், 8597. இலக்கங்கள் கட்டைவிரல் அகலத்தில் இருக்கும். மூன்று இடத்தில் வரி வளைந்து கீழே போயிருக்கிறது, கோடு அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு இலக்கம்கூடத் தப்பில்லை, நானே சரிபார்த்துவிட்டேன். அவருக்குத் தெரியாமல் கிழித்தேன். அதைத் தொலைத்தாயானால் அக்கா என்று ஒருத்தி உனக்கு இல்லை.

நான்காம் தேதி காலை ஏழரைக்கு அவரை உள்ளே கொண்டுபோவார்கள். ஐந்தாம் தேதி கட்டு அவிழ்ப்பார்கள். கட்டு அவிழ்த்ததும் நோட்டைத்தான் கேட்பார், கடைசிப் பக்கத்தைத்தான் தடவிப் பார்ப்பார். அந்தப் பக்கம் அப்போது அங்கே இருக்க வேண்டும். தபாலில் திருப்பி அனுப்பாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. கோபம் இருக்கிறது, ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைக்கிறேன்.

உன் அக்கா,
ஈவு